புங்க மர நிழல்

"கேட் பக்கத்துத் தோட்டத்துல இட்லிப்பூச் செடி வெச்சா பளிச்சுனு இருக்கும்" என்றார் சூப்பர்வைசர் பாக்கியராஜ்.

"பூவப் பார்த்துகினே வெயில்ல சோறு துன்றதா சார்? புங்க மரம் வைங்க. நெழல்ல குந்திப்போம்" என்றாள் ரோசம்மாள். கம்பெனியின் தகரச் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டே அவளைப் போன்ற கான்ட்ராக்ட் பெண்களுக்குத் தலைவலி நிரந்தரமாகியிருந்தது.

"மரம்னா பேஜாருக்கா. செடின்னா லேசு."

"தண்ணி நாங்க ஊத்தறோம் சார்."

பாக்கியராஜ் தலையைச் சொறிந்தார். "சரி, மரமே வரட்டும்."

மறுநாள் காலை, வளர்ந்த புங்க மரமே அங்கு நின்றது. கம்பெனியில் மரம் வளர்க்கிறார்களா என்று பார்க்க வந்த அதிகாரிகள், அதனோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ரோசம்மாள் நிழலில் குந்தி டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"யக்கா, எழுந்திரு!" ஓடிவந்தார் பாக்கியராஜ். பின்னாலேயே கிரேன் வந்தது. ஆட்கள் மண்ணைத் தள்ளினார்கள். உள்ளே, மரம் நின்ற இரும்பு டிரம் தெரிந்தது.

"வாடகை மரம்க்கா. ஆபீசருங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி இது அடுத்த கம்பெனிக்குப் போயாவணும். அதான் செடியே போதும்னேன்."

மரம் லாரியில் ஏறியது. ரோசம்மாளும் டிபன் பாக்ஸோடு ஏறி, அதன் அடியில் குந்தினாள்.

"எங்கக்கா போற?"

"துன்னுட்டு எறங்கிக்கிறேன் சார். மெதுவா ஓட்டச் சொல்லுங்க, கொழம்பு சிந்தப் போவுது."