உடையாத பூட்டு

முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. தாலி இருந்த டிரங்குப் பெட்டியின் சாவியைக் காணோம்.

நல்ல நாளில் பூட்டை உடைப்பது அபசகுனம். அதனால் மாப்பிள்ளையின் அப்பா பச்சியப்பன் ஆள் அனுப்பினார். பலசரக்குக் கடை நூர் பாஷா சைக்கிளில் பறந்துபோய், கேரியரில் மாதுவை ஏற்றி வந்தார்.

மாது திருட்டுக் கேஸில் உள்ளே போய், சேலம் ஜெயிலிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளும் அவன் தலையைக் கண்டாலே மாரண்டஹள்ளியில் கதவுகள் சாத்திக்கொண்டன. இன்றைக்குப் பந்தலே விலகி வழிவிட்டது.

"வாங்க மாது. நீங்கதான் எங்க வூட்டு மானத்தக் காப்பாத்தணுங்க" என்றார் பச்சியப்பன்.

மரியாதை மூன்று இடத்தில் விழுந்தது. மாது எண்ணிக்கொண்டான்.

ஆனால் அவனுக்குப் பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் ஜெயிலில் இருந்தவனுக்கா தெரியாது என்று கேட்கலாம். ஜெயில் பூட்டு வெளிப்பக்கம் தொங்கும். உள்ளே இருப்பவனுக்குக் கிடைப்பது அதன் சத்தம் மட்டும்தான்.

இதைச் சொன்னால் கல்யாணம் நிற்கும். மரியாதையும் போகும்.

குந்தி உட்கார்ந்தான். பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளாமலிருக்க, பெண்கள் அவர்கள் கண்ணைப் பொத்தினார்கள்.

பூட்டுக்குள் ஒரு நாக்கு உண்டு. அது வளையத்தின் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். நாக்கைத் தள்ளும் சுருள்வில் தேய்ந்துவிட்டால் பூட்டு வெளியே முறைத்துக்கொண்டு தொங்கும். உள்ளே எதையும் பிடித்திருக்காது. இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பூட்டிய பூட்டை யார் இழுத்துப் பார்ப்பார்கள்?

என்ன செய்வதென்று தெரியாமல் மாது இழுத்தான்.

திறந்துகொண்டது.

தாலி மணவறைக்கு ஓடியது. மாது மட்டும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன பொங்கலுக்கு இதே பெட்டியிலிருந்துதான் வெள்ளி அரைஞாண் காணாமல் போனது. 'பூட்டு உடையலீங்க, கைதேர்ந்தவன் வேலை' என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர் பச்சியப்பன். அரைஞாண் போன அன்றைக்கு இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவன் மாது.

"இது பூட்டவே பூட்டாதுங்க!" அவன் பூட்டைக் காட்டிக் கத்தினான். "சும்மாதான் இழுத்தேன். யாரு இழுத்தாலும் தெறந்துக்கும்!"

பச்சியப்பன் பூரித்துப்போனார்.

"பாத்தீங்களா பாய்? தொழில் ரகசியத்த வெளிய வுடறானா பாருங்க!"

சொல்லிக்கொண்டே, மாதுவின் கண்ணில் படாதபடி முதுகால் மறைத்து, பெட்டியை அதே பூட்டால் பூட்டினார்.