மாரிச்செல்வியின் இரண்டாவது கடை

"இந்தப் போர் கெணத்த மட்டும் விட்டுருங்க அய்யாதுரை. அதுபாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடந்துட்டுப் போகுது" என்றார் பெத்தணன்.

"தண்ணி வராத போரையெல்லாம் மூடச் சொல்லி ஆர்டர் வந்திருக்குண்ணே. புள்ளைக உள்ள விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் பஞ்சாயத்து கிளார்க் அய்யாதுரை. "உள்ள கெடக்குற குப்பைய எடுத்துட்டு, சரளை கொட்டி மூடி, போட்டோ அனுப்பணும்."

"குப்பைய எதுக்கு எடுத்துக்கிட்டு? அப்படியே மூடுங்க."

மாரிச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாத்தூரில் இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பி நின்ற நேரம். அடகு வைக்க வேண்டிய கழுத்துச் சங்கிலி கைப்பையில் இருந்தது.

"நானூறு அடி போட்டு ஒரு சொட்டுத் தண்ணியக் கண்டீகளா? இதுமேல அம்புட்டு என்ன பாசம்? தள்ளி நில்லுங்க, அவுக வேலையப் பாக்கட்டும்" என்று புருஷனை அதட்டினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விருதுநகரில் அவள் உல்லன் நூல் கடை திறந்தபோது ஊரே சிரித்தது. இந்த வெயிலில் உல்லனா? நாலு மாதம் ஈ ஓட்டினாள். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதாள். அப்புறம்தான் வேலுச்சாமி வந்தார். "எல்லாரும் ஆன்லைன்ல வாங்குனா ஒங்கள மாதிரி சின்னக் கடைக்காரவுக என்ன தாயி பண்ணுவீக?" என்று சொல்லி, சனிக்கிழமை தவறாமல் பை பையாக வாங்கிப் போகிற புண்ணியவான். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வியாபாரம் நம் ரத்தத்தில் ஊறியது என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

பெத்தணனுக்கு மட்டும் அது உறைக்கவில்லை. "சாத்தூர் கடை வேணாம் மாரி" என்று ஒரு வாரமாக ஒரே பாட்டு. பொண்டாட்டி முன்னுக்கு வந்தால் எந்த ஆம்பளைக்குப் பொறுக்கிறது?

அய்யாதுரை கல்லைக் கட்டிக் கயிற்றை இறக்கினார். "என்னண்ணே, முப்பது அடியிலேயே நிக்குது?"

"மண்ணு சரிஞ்சிருக்கும்" என்ற பெத்தணனின் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி இறங்கியது. கொக்கி எதிலோ மாட்ட, அய்யாதுரை இழுத்தார். ரோஸ், நீலம், பச்சை என்று உல்லன் நூல்கண்டுகள் கொத்துக் கொத்தாக மேலே வந்தன. கூடவே பிரிக்காத ஒரு கடைக் கவர். அதன்மேல் 'வேலுச்சாமி' என்று மாரிச்செல்வியின் கையெழுத்து.

அவள் கவரைக் கையில் எடுத்துப் புருஷனைப் பார்த்தாள்.

"ஒரு கடைச் சரக்குக்கே இந்தப் போர் நெறஞ்சு போச்சு" என்றார் பெத்தணன். "சாத்தூர்லயும் போட்டா, இன்னொரு போருக்கு நான் எங்கன புள்ள போவேன்?"