பழி முட்டைமேல்

“எல்லாம் நான் ஊட்டின முட்டையால வந்தது டாக்டர். சின்ன வயசுலேர்ந்து தினம் ரெண்டு மஞ்சள் கரு,” அம்மா மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மகன், லிஃப்ட் மெக்கானிக், வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்குள் நெஞ்சுவலி, அடைப்பு, மணிக்கட்டு வழியாகச் சிகிச்சை. எதுவும் அவனுக்குள் இறங்கவில்லை.

“முட்டையை ஏம்மா திட்டறீங்க? கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய சத்தெல்லாம் மஞ்சள் கருவுலதான் இருக்கு,” என்றார் டாக்டர். “உடம்புல இருக்கிற கொலஸ்ட்ராலை முக்கால்வாசி கல்லீரலே தயாரிக்குது. மிச்சமானதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கவும் செய்யும்.”

அவன் பக்கம் திரும்பினார். “உங்க லிஃப்ட் மாதிரிதான் தம்பி. சிலருக்குப் பிறவியிலேயே கல்லீரல்ல பாதிக் கதவு திறக்காது. கொழுப்பு ரத்தத்துலயே நின்னுடும். அப்படின்னா ஆயுசுக்கும் வீரியமான மருந்து போடணும். இல்லைன்னா அடுத்த தடவை தப்பிக்கறது கஷ்டம்.”

“அது எப்படி வரும்?”

“அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேர்ந்து. அதான் அவங்க ரத்தத்தையும் பார்க்கச் சொன்னேன்.”

“அதெல்லாம் எதுக்கு டாக்டர்? முட்டைதான்,” என்றாள் அம்மா.

“நானும் இவ கையாலதானே சாப்பிடறேன்? கல்லு மாதிரி இருக்கேனே!” என்றார் அப்பா.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

நர்ஸ் வந்து முடிவுகளை நீட்டினார். டாக்டர் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ரெண்டு பேருக்கும் கொழுப்பு சரியா இருக்கே. அப்போ நான் சந்தேகப்பட்டது இல்லைபோல. சாதாரண மாத்திரையே போதும். அம்மா சொல்ற மாதிரி முட்டையை நிறுத்திப் பார்க்கலாம்.”

“அப்பாடா!” என்ற அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் எழுந்து கதவுவரை போய்விட்டார்.

“டாக்டர், நில்லுங்க. அந்த வீரியமான மருந்தையே எழுதுங்க.”

“ஏம்மா?”

அம்மா மகனின் மரத்துப்போன கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

“இவனைப் பெத்தவ இதே நெஞ்சுவலியிலதான் போனா.”