மலைக்குப் போகிற உடுப்பு

காஜா பேராங் தெருவில் உள்ள வீட்டின் முன்னறையில் வெயில் பளீரென்று விழுகிறது. சன்னலுக்கு வெளியே புக்கிட் பாரு பக்கத்து வானமோ கரிச்சட்டியாய்க் கிடக்கிறது. சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து, ஆப்பிஸ்காரர்கள் குடும்பத்தோடு குனோங் லேடாங் மலைக்குக் கிளம்பும் காலை. பூங்காவனம் தரையில் உட்கார்ந்து, காட்டு அட்டை ஏறாதிருக்கப் புகையிலை ஊறிய தண்ணீரைக் கணுக்காலில் அழுத்தித் தேய்க்கிறாள். கணவனின் பழைய காற்சட்டை, அதற்கு மேல் முழங்கால்வரை தூக்கிச் செருகிய கைலி, முழுக்கைச் சட்டை. அவன் எடுத்துவைத்த ரோஜா நிறச் சேலை கட்டிலில் மடிப்புக் கலையாமல் மினுங்குகிறது.

வெள்ளைக் காற்சட்டையும் மெருகேற்றிய சப்பாத்துமாக வாசலில் நிற்கிறான் கணவன் கலியாணசுந்தரம், ஆப்பிஸில் கணக்கெழுதும் கிராணி. “என்ன கோலம் இது? ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போற பொம்பள மாதிரி! பெரிய கிராணி சம்சாரம்லாம் வராங்க.”

“கல்யாணத்துக்கு மொத நாள் வரைக்கும் வெட்டினவதாங்க நான். அட்டை என்ன, கிராணி பொண்டாட்டியான்னு கேட்டுட்டா கடிக்கும்?”

“சேலையக் கட்டு. இல்லாட்டி நீ வரவேணாம்.”

அவள் நிமிரவில்லை. சிவப்புத் துணியைத் தலையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சை இறுக்குகிறாள். தகரக் கூரையில் முதல் துளிகள் சடசடக்கின்றன. அவர்களை ஏற்றிப்போக வந்த லோரி தெருவில் ஆரன் அடிக்கிறது. எழுந்து, அந்தச் சேலையை எடுத்து, சோற்றுப் பொட்டலங்களுக்கு மேலே பிரம்புக் கூடைக்குள் திணிக்கிறாள்.

“அதை ஏன் வைக்கிற?”

கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனைத் தாண்டி மழைக்குள் இறங்கியபடி சொல்கிறாள்: “நனைஞ்சா நீங்க மாத்திக் கட்ட வேணாமா?”