காற்றுக்குப் பாரம்

"மண்மூட்டை எங்கக்கா?"

லைட் ஸ்டாண்டுகளையும் டிரைபாடுகளையும் தோளில் சுமந்துவந்த ஜெபமணி விழித்தாள். ஆற்றங்கரையில் மணலுக்கா பஞ்சம் என்று, காற்றில் ஸ்டாண்டு சாயாமல் அடியில் வைக்கும் மூட்டைகளை வீட்டிலேயே விட்டிருந்தாள். மணலை அள்ளிப்போட ஒரு பையும் கொண்டுவரவில்லை.

"நல்லா இருக்கு! அப்ப நீங்கதான் மூட்டை. ஸ்டாண்டக் கட்டிப் பிடிச்சு உக்காருங்க," என்றார் போட்டோகிராபர் ஞானசேகர்.

உட்கார்ந்தாள். உச்சியில் லைட்டுக்கு மாட்டிய வெள்ளைக் குடை காற்றில் திமிறியது. அதன் கீழே மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காதில் செருகிய இயர்போனில் மகள் பேசினாள். முதன்முதலாக வெளியூர் வேலைக்குப் போகிறாள். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போக முடியாததால், அவள் ரயில் ஆற்றுப்பாலத்தைக் கடக்கையில் கரையில் நின்று கை காட்டுவதாக ஜெபமணி சொல்லியிருந்தாள்.

"அம்மா, பாலம் வந்துருச்சு. எங்க நிக்கிற?"

"தம்பி, ஒரு நிமிசம் எந்திரிச்சுக்கிறேன்."

"விட்டீங்கன்னா லைட்டு பொண்ணு தலையிலதான் விழும்."

"அண்ணா, பின்னாடி ரயில் வருது, சீக்கிரம் எடுங்க!" என்று மாப்பிள்ளை கத்தினான்.

"அக்கா, உங்க தலை படத்துல விழுது. இன்னும் குனிங்க."

குனிந்தாள்.

"காணோமேம்மா. நீ வரலையா?"

கம்பியைப் பிடித்த கையிலிருந்து ஒரு விரலை மட்டும் நீட்டி, ஜெபமணி ஆட்டிக்கொண்டே இருந்தாள்.