பிரகாஷின் தட்டில் முதல் வாய்

எல்வின் மறுபடியும் பிரகாஷின் தட்டில் கை வைத்தான்.

"இன்னாடா இது? உன் தட்டு அங்க கீது இல்ல?"

எல்வின் வாயில் போட்டதைக் கண்ணை மூடி மென்று முடித்துவிட்டு, "நல்லாருக்குது, சாப்புடு" என்று பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்தான்.

இது நடந்தது பாங்காக்கில், ஒரு தெருவோரக் கடையில். நண்பர்கள் மூன்று பேர். எல்வினும் பிரவின்ராஜும் போளூர்க்காரர்கள். பிரகாஷ் ஜவ்வாது மலையில் சாமை பயிரிட்டுக்கொண்டு, ஜீப்பும் ஓட்டுகிறவன். மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. என்றைக்காவது சேர்ந்து விமானம் ஏறியே தீருவது என்று அப்போது போட்ட திட்டம், இந்தச் சனி, ஞாயிறில்தான் கைகூடியது.

கைகூடிய மாதம்தான் வம்பாகப் போயிற்று. புரட்டாசி.

பிரகாஷ் வீட்டில் புரட்டாசிக்குக் கவிச்சி கிடையாது. அதிலும் இந்த வருஷம் ரொம்பக் கண்டிப்பு. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து ரம்யா முழுகாமல் இருக்கிறாள். மாதம் முழுக்கக் கவிச்சி நாக்கில் படாது என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தான். டிக்கெட் அதற்கு முன்பே எடுத்தாயிற்று. குழந்தை பிறந்த பிறகு எங்கே போகப் போகிறாய், இப்போதே போய் வா என்று ரம்யாதான் துரத்தி அனுப்பினாள். அவளுக்குத் துணையாக எல்வின் மனைவி ஜூடி மலைக்கு வந்து தங்கினாள்.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த ஊரில் கீரையில்கூட இறாலை அரைத்துப் போடுவார்கள் என்றார். அவ்வளவுதான். போய் இறங்கிய ராத்திரி பிரகாஷ் வாழைப்பழத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

"தெரியாம பட்டாலும் பட்டதுதான்டா. புள்ள விஷயம். நான் ஊருக்கே போய்ட்றேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் எல்வின் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். செல்போன் கடை வைத்திருக்கிறவன். பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? கடைக்காரர்களிடம் கையைக் காலை ஆட்டி விசாரித்து, சுத்த சைவமாக வாங்கித் தருவது தன் வேலை என்றான். பிரகாஷ் நம்பினான்.

அதற்குப் பிறகுதான் ஊரே கண்ணில் பட்டது. கால்வாய்ப் படகில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டினான். நகரும் படிக்கட்டில் இறங்கி இறங்கி ஏறினான். மலையேறியே பழகிய காலுக்கு, நின்றபடி ஏறுவது அத்தனை பிடித்துவிட்டது. எழுபது மாடிக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினால், "எங்க மலை இத்தவிட ஒசரம்" என்று சொல்லி இரண்டு பேரையும் வெறுப்பேற்றினான். மழையில் நனைந்தார்கள். காரணமே இல்லாமல் சிரித்தார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தால்தான் சண்டை.

பிரகாஷ் தட்டில் முதல் வாய் எல்வினுக்கு. அதுகூடப் பரவாயில்லை. சனிக்கிழமை மத்தியானம் பப்பாளிக்காயைச் சீவி, வேர்க்கடலை தூவிக் கொடுத்தார்கள். பிரகாஷுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எல்வின் ஒரு வாய் எடுத்தான். அடுத்த நொடி தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மூச்சு விடாமல் முழுவதையும் காலி செய்துவிட்டு, பிரகாஷுக்கு வெறும் சோறும் வேகவைத்த காயும் சொன்னான்.

ராத்திரி வதக்கிய கீரை வந்தது. அதற்கும் அதே கதி.

பிரவின்ராஜ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான். "பசியோட உக்காந்துக்கிறவன் தட்டப் புடுங்கித் துன்றியே, நீயெல்லாம் மனுசனாடா?"

"பாத்தா ஆசையா இருந்துச்சு மச்சான். அவனுக்குத்தான் வேற சொல்லிக்கிறேனே."

விரதக்காரன் சோற்றில் கை வைக்கிறோமே என்ற கூச்சம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்வினுக்குக் கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக வந்துவிட்டது. விமானத்தில் ஊர் வருகிறவரைக்கும் சொறிந்துகொண்டே வந்தான். அடுத்தவன் சோற்றைப் பிடுங்கினால் இப்படித்தான் அரிக்கும் என்று பிரகாஷ் சொல்ல, பிரவின்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். எல்வினும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

போளூரில் விட்டுப் போயிருந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் மலை ஏறினார்கள்.

ரம்யாவைப் பார்த்ததும் பிரகாஷுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டுதலுக்கு ஒரு குறையும் வரவில்லை, வயிறாரச் சாப்பிட்டேன், இந்தப் பகாசுரன் மட்டும் கூட வராமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ரம்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜூடி சிரிக்கவில்லை. எல்வினை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, எறா சாப்ட்டீங்களா?"

"கொசு கடிச்சிருக்கும். விடேன்."

என்ன இருந்தாலும் சிநேகிதன் இல்லையா? பிரகாஷ் பரிந்துகொண்டு வந்தான்.

"எறாவெல்லாம் சாப்புடலம்மா. எங்கூடத்தானே இருந்தான். அவன் அளவுக்கு மீறித் துன்னது எங்கிட்டப் புடுங்குன அந்த ரெண்டு தட்டுதான். பப்பாளிக்காயும் கீரையும்."

ஜூடி நம்பவில்லை.

"போன வருஷத்துலேர்ந்து இவருக்கு எறா ஆகறதில்லண்ணா. துளி கலந்திருந்தாலும் மொத வாய்லயே நாக்கு அரிச்சிக் காட்டிக் குடுத்துடும். அப்டித் தெரிஞ்சும் அந்த ரெண்டு தட்ட மட்டும் எதுக்கு மிச்சம் வெக்காம துன்னாருன்னுதான் எனக்குப் புரியல."