பூனை பார்க்கச் சாப்பிடணும்

"அந்த நர்ஸ் பொண்ணுக்கு வயிறா, கிணறா?"

அப்பா காதில் வாங்கவில்லை. சுடச்சுட ரொட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். அதன் மேல் ஒரு வெண்ணெய்ப்பழம். அதுவும் கடையில் அமுக்கி அமுக்கிப் பார்த்துப் பொறுக்கியது.

"கேக்கறேன்ல? ஆபரேஷன் ஆனது நம்ம கிளோரிந்தாவுக்கா, இல்ல அவளுக்கா?"

"யாஸ்னா கொண்டுவரச் சொல்லியிருக்கு, நெல்டா. வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலை லிஃப்ட் ரிப்பேராகிக் கிடக்கிறது. முட்டிவலியோடு எங்கள் வால்பரைசோ மலையூரின் அத்தனை படிகளையும் இறங்கி ஏற வேண்டும். யாருக்காக? ஒரு தீனிப்பண்டாரத்துக்காக!

கிளோரிந்தா, அம்மா வளர்த்த பூனை. நல்ல கிழடு. வயிற்றில் கட்டி என்று அறுத்து எடுத்தார்கள். வயசான உடம்பு, தையல் ஆறும்வரை இங்கேயே இருக்கட்டும், ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருப்போம் என்றார் டாக்டர்.

எனக்குப் பூனையைவிட அப்பாவை நினைத்துத்தான் பயம். அம்மா போனதிலிருந்து சாப்பாட்டை மறந்துவிட்டார். தட்டு வைத்தால் "பசிக்கலை". மீன் வறுத்தால் "அப்புறம்". சட்டை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு இளைத்துவிட்டார். பூனையும் போய்விட்டால் மனுஷன் தாங்குவாரா?

தான் ஒரு வாய் சாப்பிடாதவர் எவளுக்கோ ரொட்டி சுமக்கிறாரே என்றுதான் எனக்கு எரிச்சல். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, சந்தையில் மீன் கடையைச் சாத்திவிட்டு நேரே மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என் மேல் அடித்த வாடைக்கு, கூண்டிலிருந்த பூனைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன.

மூலையில் கிளோரிந்தா, கழுத்தில் புனல் மாதிரி பட்டையோடு. கூண்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு டீக்கெண்டி. அந்த யாஸ்னா கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள். எதிரில் அப்பா.

"பேஷ்! நல்லா இருக்கும்மா உன் வைத்தியம்!" என்றேன்.

அவள் கோபப்படவே இல்லை. "வாங்கக்கா. சரியா ஓன்சே வேளைக்கு வந்திருக்கீங்க" என்று ஒரு கோப்பையில் டீயை ஊற்றிவிட்டாள்.

ஊற்றிவிட்டால் தீர்ந்தது. ஓன்சே என்றால் எங்கள் ஊரில் சாயங்கால டீயும் ரொட்டியும். அதற்கு ஊற்றிய டீயைத் தொடாமல் வைப்பது, ஊற்றியவள் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி. ஒரு வாய் ரொட்டியும் கடிக்க வேண்டும். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"தனியா வெச்சா இது மோந்துகூடப் பார்க்காதுக்கா" என்றாள். "வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடறதைப் பார்த்தே பழகின பூனை. இது எதிர்ல நாம சாப்பிட்டாதான் இதுக்கும் இறங்கும். ஐயா, நிறுத்திட்டீங்களே? உங்களையேதான் பார்க்குது!"

அப்பா அவசரமாக ரொட்டியைக் கடித்தார்.

நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பிடுகிறார்! வெண்ணெய்ப்பழத்தை மசித்து, உப்புத் தூவி, தாராளமாகத் தடவி. பாதி ரொட்டி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

ஆனால் பூனை இப்படி ஆள் பார்த்துச் சாப்பிட்டால் எப்படித் தேறும்? எழுந்து போய் டாக்டரைக் கேட்டேன்.

"கிளோரிந்தாவா? அது தனியா சாப்பிடாதுன்னு யார் சொன்னது?" என்று சிரித்தார். "தினம் காலையில கிண்ணத்தை நக்கிப் பளபளன்னு ஆக்கிடுது."

"அப்புறம் எதுக்கு எங்கப்பாவை ரொட்டியோட வரச் சொல்றா?"

டாக்டர் கதவைச் சாத்தினார். "பூனையைப் பார்க்க வந்த அன்னைக்கு உங்கப்பாவுக்குத் தலை சுத்திடுச்சு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு யாஸ்னா கேட்டதுக்கு, அவரால சொல்ல முடியலை. அன்னையிலேருந்துதான் இந்த நாடகம்."

பெற்ற மகள் கெஞ்சியும் திட்டியும் நடக்காததை, யாரோ பெற்ற பொண்ணு ஒரு பொய் சொல்லி நடத்தியிருக்கிறாள். அவளைப் போய்த் தீனிப்பண்டாரம் என்றேனே, என் நாக்கில் புழு விழ!

திரும்பி வந்து, மீன் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ நல்லா இருக்கணும்மா" என்றேன். அவள் அப்பா பக்கம் கண்ணைக் காட்டி, மூச்சு விடாதீங்க என்பதுபோலத் தலையசைத்தாள்.

வீட்டுக்குப் படியேறும்போது சொன்னேன். "நாளைக்கு நானே நல்ல பழமா வாங்கித் தரேன்ப்பா. தினம் போய்ட்டு வாங்க."

அப்பா கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், அந்தப் பொண்ணு காதுல போட்டுடாத. நம்ம கிளோரிந்தா தனியாவே நல்லா சாப்பிடுது. நான் எப்பவோ கண்டுபிடிச்சிட்டேன்."

"தெரிஞ்சேவா தினம் சுமக்கறீங்க?"

"பின்னே? எங்கேயோ தெற்கேயிருந்து வந்து ஒண்டியா கிடக்குற பொண்ணு. வேலை வேலைன்னு ஓன்சேகூட மறந்து நிக்குது. நான் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டாதான், அது ரெண்டு வாய் சாப்பிடுது."